வெள்ளைக் கொக்கும் கரிய நீர்க்காகமும்: படக்கலையில் ஓர் ஒப்பாய்வு

ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்துகொண்டு நீர்ப்பறவைகளைப் படம் எடுக்கத் தொடங்குபவர் பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரைச் சுற்றிலும் நஞ்சை. கிழக்கே போனால் வீராணம் ஏரி. சேறடிக்கும் டிராக்டரின் பின்னால் கொக்குகள். நீருக்குள் நிற்கும் பட்ட மரத்தில் நீர்க்காகங்கள். புதியவரின் கேமராவில் முதலில் நிறைபவையும் இவைதாம்: சின்ன வெள்ளைக்கொக்கு, சின்ன நீர்க்காகம். வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் பெரிதாக்கும்போது முதல் ஏமாற்றமும் இவற்றாலேயே வருகிறது. கொக்கு இறகே தெரியாத வெள்ளைத் திட்டாகக் கிடக்கும். நீர்க்காகம் இறகே தெரியாத கறுப்புத் திட்டாகக் கிடக்கும்.

வெள்ளைக்கு ஒரு நோய், கறுப்புக்கு வேறொரு நோய் என்றே தோன்றும். அருகருகே வைத்து ஆராய்ந்தால் நோய் ஒன்றே என்பது தெரியும். அது வெளிப்படும் முறைதான் இரண்டு.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே, அதாவது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் பொருளாகவே எண்ணிக்கொள்கிறது. சட்டம் முழுவதும் கொக்கு நிறைந்திருந்தால், இவ்வளவு வெளிச்சம் ஆகாது என்று கணக்கிட்டு அதை அழுக்குச் சாம்பலாக இறக்கிவிடும். சட்டம் முழுவதும் நீர்க்காகம் நிறைந்திருந்தால், இவ்வளவு இருட்டு ஆகாது என்று கணக்கிட்டு அதை வெளிறிய சாம்பலாக ஏற்றிவிடும். இதனால்தான் வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரைக் கூட்டு, கறுப்புப் பறவைக்குக் குறை என்று படக்கலை நூல்கள் சொல்கின்றன. விதி சரி. ஆனால் அது 600 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருப்பவருக்கான விதி.

புதியவர் கையில் இருப்பது பெரும்பாலும் 250 அல்லது 300 மில்லிமீட்டர் லென்ஸ். அதில் பறவை சட்டத்தின் ஒரு மூலையளவுதான் வரும், மீதியெல்லாம் பின்னணி. கொக்கு நிற்பது இருண்ட சேற்றிலோ கோரைப் புதரின் முன்போ என்றால், ஒளிமானி அந்த இருட்டைக் கண்டு எக்ஸ்போஷரைத் தானே ஏற்றும். கொக்கு வெந்துபோகும். இங்கே கூட்டக் கூடாது, ஒரு ஸ்டாப்பாவது குறைக்க வேண்டும். நீர்க்காகம் அமர்ந்திருப்பது பளபளக்கும் நீருக்கோ வெளிறிய வானத்துக்கோ எதிரே என்றால், ஒளிமானி அந்தப் பளபளப்பைக் கண்டு எக்ஸ்போஷரைத் தானே இறக்கும். நீர்க்காகம் நிழலுருவாகிவிடும். இங்கே குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். லென்ஸின் நீளம் மாறியதும் இரண்டு பறவைகளும் விதியை இடம் மாற்றிக்கொள்கின்றன. நூல் சொன்னபடியே செய்தும் படம் கெட்டது என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒளிமானியை ஒதுக்கிவிட்டு மேனுவல் முறைக்குப் போனால் இதைவிட வியப்பான ஒற்றுமை ஒன்று வெளிப்படும். தெளிந்த வெயிலில் கொக்கின்மேல் விழும் ஒளியும் நீர்க்காகத்தின்மேல் விழும் ஒளியும் ஒன்றே. சூரியன் பறவைக்குப் பறவை பேதம் பார்ப்பதில்லை. ஃபிலிம் காலத்திலிருந்து வழங்கிவரும் பழைய கணக்கு இதன்மேல்தான் நிற்கிறது: நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ எவ்வளவோ அதே எண்ணில் ஷட்டர். ஐஎஸ்ஓ 400 என்றால் நொடியில் 400இல் ஒரு பங்கு. எஃப் 8க்குத் திறந்தால் 1,600இல் ஒரு பங்கு. இந்த ஒரே அமைப்பில் கொக்கு வெள்ளையாக வரும், நீர்க்காகம் கறுப்பாக வரும். கொக்கின் இறகு வரிகளைக் காக்க அரை ஸ்டாப் இறுக்கலாம். நீர்க்காகத்தின் முதுகுச் செதில்களுக்காக அரை ஸ்டாப் தளர்த்தலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள உண்மையான வேறுபாடு அவ்வளவுதான். மீதியெல்லாம் ஒளிமானி உண்டாக்கியது.

ஒளியின் அளவு ஒன்றே என்றாலும் அதன் திசை இரண்டையும் பிரித்துவிடுகிறது. வீராணம் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் சோழர் எடுத்த கரை அதன் கிழக்கே இருக்கிறது. அந்தக் கரைமேல் நின்றால் காலைச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால்; நீரும் பறவையும் எதிரே. நீர்க்காகத்துக்கு இது நல்ல நேரம். கறுப்பென்று நினைத்த முதுகில் வெண்கலப் பளபளப்பும் பசுமை கலந்த மினுக்கமும் அப்போது மட்டுமே தெரியும். கொக்குக்கோ அதே நேர்வெயில் பகை. நேரே விழும் ஒளி இறகுகளுக்கு இடையே உள்ள சிறு நிழல்களையெல்லாம் நிரப்பிவிடுவதால் மேடுபள்ளமே இல்லாமல் போகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பை ஒன்றின் மெருகில் இருக்கும் கீறலைக் காண அதை எப்படிச் சாய்த்துப் பக்க வெளிச்சத்தில் பிடிக்க வேண்டுமோ, அப்படியே கொக்கின் இறகையும் காண வேண்டும். கரையோரமாகச் சிறிது நடந்து, பக்கவாட்டில் வெயில் விழும்படி கோணத்தை மாற்றிக்கொண்டால் மார்பின் மெல்லிய தூவிகள் ஒவ்வொன்றாக எழுந்துவரும்.

மாலையில் அதே கரையிலிருந்து பார்த்தால் சூரியன் எதிரே. நீர்க்காகம் தன் விவரங்களையெல்லாம் இழந்துவிடுகிறது, ஆனால் வடிவத்தை வென்றெடுக்கிறது. சிறகு விரித்து உலர்த்தும் அதன் உருவம் வானத்தில் வெட்டி ஒட்டியது போலத் துல்லியமாக நிற்கும். கொக்கு பறக்கும்போது சிறகின் ஊடே ஒளி புகுந்து, உள்ளெலும்பின் கோடும் இறகுகளின் அடுக்கும் தெரியும். காலையில் கொக்கு கெட்டது, நீர்க்காகம் பிழைத்தது. மாலையில் இரண்டுமே வேறு படங்களாகிவிடுகின்றன. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வருபவர் ஏரியின் மேற்குப் புறத்து ஆழமற்ற நீர்ப்பிடிப்புப் பகுதிக்குப் போனால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்: காலையில் எதிர்வெயில், மாலையில் நேர்வெயில். எந்தப் பறவைக்காக எந்தப் பக்கம் போவது என்பதை வண்டியைக் கிளப்பும்போதே முடிவு செய்துவிடலாம்.

நீர்மட்டமும் இரண்டு பறவைகளுக்கும் இப்படி முறை வைத்துக் கொடுக்கிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியே வரும் நீர் 47.5 அடி என்னும் முழு மட்டத்துக்கு நிற்கும்போது ஆழம் வேண்டும் நீர்க்காகத்துக்கு ஏரி முழுவதும் களம். முழங்கால் நீர் வேண்டும் கொக்கு வயலுக்குப் போய்விடும். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் காலத்துக்குப் பிறகு, மட்டம் இறங்கி ஓரங்களில் சேறு தெரியத் தொடங்கினால் கொக்குகள் ஏரிக்குத் திரும்பும். அப்போது இரண்டையும் ஒரே சட்டத்தில் பிடிக்கும் வாய்ப்பு மிகுதி. நீர்க்காகங்கள் கூட்டமாக மூழ்கி மீனை விரட்டும். விரட்டப்பட்ட மீன் கரையோரம் ஒதுங்கும். அங்கே கொக்குகள் காத்திருக்கும். உள்ளே தேடி ஓடுவது ஒன்று, ஓரத்தில் நின்று பெறுவது மற்றொன்று. படம் எடுப்பவருக்கு முன்னதில் ஷட்டர் வேகம் வேண்டும், பின்னதில் பொறுமை வேண்டும். கொக்கு அலகைப் பாய்ச்சும் அந்தக் கணத்துக்கு மட்டும் அதற்கும் 2,000இல் ஒரு பங்கு தேவைப்படும்.

நிறத்துக்கே திரும்புவோம், இந்த ஒப்பீட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கொக்கின் வெண்மையில் நிறமி என்று எதுவும் இல்லை. இறகின் கெரட்டினும் அதற்குள் அடைபட்ட காற்றும் ஒளியின் எல்லா நிறங்களையும் சிதறடிப்பதால் அது வெள்ளை. நீர்க்காகத்தின் கருமை மெலனின் என்னும் நிறமியால் ஆனது. அது ஒளியை விழுங்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும் திருப்பித் தருவதால் ஒன்று வெள்ளை; எதையும் தராததால் மற்றது கறுப்பு. இந்த இயற்பியலிலிருந்து எடிட்டிங்குக்கு நேரடியான விளைவு ஒன்று உண்டு. கொக்கு தன்னைச் சூழ்ந்திருப்பதன் சாயலையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். நிழலில் நின்றால் வானத்தின் நீலம், நாற்றங்கால் நடுவே நின்றால் அடிவயிற்றில் பச்சை, விடியலில் மஞ்சள். நீர்க்காகம் சூழலின் சாயலை அவ்வளவாக ஏற்பதில்லை. மாறாக, அதன் இருட்டை ஏற்றும்போது கேமராவின் குறைதான் சாயலாகத் தெரியவரும். சென்சாரின் இரைச்சலும், சில கேமராக்களில் ஒரு மெல்லிய ஊதாவும் அங்கே எழும்.

இவ்வளவு எதிரெதிரானவை என்றாலும், ஒன்றின் உடலில் மற்றதன் நிறம் சிறிது இருக்கிறது. சின்ன வெள்ளைக்கொக்கின் அலகு கறுப்பு, கால்கள் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சின்ன நீர்க்காகத்துக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலையின் பக்கங்களில் மெல்லிய வெண்தூவிகள் முளைக்கும். மற்ற காலங்களில் தொண்டையில் வெண்மை படர்ந்திருக்கும். புதியவர் படத்தைச் சரிபார்க்க வேண்டிய இடங்களும் இவையே. கொக்கின் படத்தில் கால்களின் கறுப்பு சாம்பலாக வெளிறியிருந்தால் நிழலை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறோம். நீர்க்காகத்தின் படத்தில் தொண்டை வெண்மை எரிந்துபோயிருந்தால் வெளிச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்திருக்கிறோம்.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே இருக்கும் இந்த வழக்கு ஃபிலிம் காலத்தில் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது. மா. கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், 1950 முதல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றிய பத்தியை விடாமல் எழுதியவர், கானுயிர்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். கறுப்பு வெள்ளை நெகட்டிவின் இயல்பு இது: ஒளி சிறிது கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. கொக்கின் வெண்மை நெகட்டிவில் அடர்த்தியாக விழுந்திருந்தாலும் இருட்டறையில் அச்சிடும்போது கூடுதல் ஒளி பாய்ச்சி இறகை மீட்க வழி இருந்தது. நீர்க்காகத்தின் கருமையில் ஒளி போதாவிட்டால் ஃபிலிமில் வெள்ளியே படியாது; படியாததை எந்த இருட்டறையாலும் மீட்க முடியாது. ஆகவே நிழலை நம்பி எக்ஸ்போஷர் வை, வெளிச்சத்தை டெவலப்பில் அடக்கு என்பது அந்தத் தலைமுறையின் நெறியாக இருந்தது. அன்று ஆபத்து நீர்க்காகத்துக்கு.

இன்று ஆபத்து கொக்குக்கு. டிஜிட்டல் சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது நிறைந்தபின் வரும் ஒளி கணக்கில் ஏறாது. நிறைந்து வழிந்த இடத்தில் இறகு பற்றிய தகவலே இல்லை. அங்கே எடிட்டிங் மென்பொருள் மீட்பதற்கு எதுவும் இல்லை. நீர்க்காகத்தின் நிழலில் தகவல் மங்கலாகவேனும் இருக்கிறது. இரைச்சலோடு சேர்த்து மேலே தூக்கிவிடலாம். படக்கருவி மாறியதும் காக்க வேண்டிய பறவையும் மாறிவிட்டது. தாத்தா காலத்து ஃபிலிம் கேமராவில் பழகியவர் சொல்லும் அறிவுரையும் இன்றைய இளைஞர் சொல்லும் அறிவுரையும் முரண்படுவது இதனால்தான். இருவர் சொல்வதும் அவரவர் கருவிக்கு உண்மை.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 14 பிட் ரா கோப்பில் வெளிச்சத்தின் படிநிலைகள் மொத்தம் 16,384. அவற்றில் சரிபாதி, அதாவது 8,192 படிகள், மிகுந்த வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு அடுத்த ஸ்டாப்புக்கு 4,096; அதற்கும் கீழே 2,048. இப்படியே பாதி பாதியாகக் குறைந்து, நீர்க்காகத்தின் வயிற்று நிழலை எட்டும்போது சில நூறுகூட மிஞ்சுவதில்லை. ஆகக் கொக்கின் இறகு இருப்பது கேமராவின் மிக வளமான பகுதியில். அந்த வளம் முடியும் இடத்தில் செங்குத்தான பள்ளம். நீர்க்காகத்தின் இறகு இருப்பது வறண்ட பகுதியில். ஆனால் அங்கே பள்ளம் இல்லை, சரிவுதான். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளதால் இரண்டு பறவைகளுமே ஏழைகள். இந்த ஒரு காரணத்துக்காகவே ரா கோப்பில் எடுக்கச் சொல்கிறேன்.

இனிக் கணினி முன் உட்காருவோம். லைட்ரூமோ, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளோ எதுவானாலும் சரி. கருவிகளின் பெயர் மாறலாம், வேலை ஒன்றே. கொக்கின் படத்தில் முதலில் ஹைலைட்ஸை இறக்குகிறோம். நீர்க்காகத்தின் படத்தில் முதலில் ஷேடோஸை ஏற்றுகிறோம். கொக்கில் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைக் கவனிக்கிறோம். விடியல் வெயிலில் எடுத்த படம் என்றால் பெரும்பாலும் சிவப்பு முதலில் சுவரை முட்டும். நீர்க்காகத்தில் இடது ஓரத்தைக் கவனிக்கிறோம். அங்கே மூன்று நிறங்களும் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். கொக்கில் சபலம், வெள்ளையை இன்னும் வெள்ளையாக்குவது. நீர்க்காகத்தில் சபலம், கறுப்பைக் கறுப்பே இல்லாமல் ஆக்குவது. முன்னதில் இறகு போகும். பின்னதில் இறகு இருக்கும், பறவை போய்விடும். சாம்பல் பூசிய ஏதோ ஒன்று கிளையில் அமர்ந்திருக்கும். இரண்டாவது தவறுதான் இன்று அதிகம் கண்ணில் படுகிறது. நிழலை ஏற்ற முடிகிறது என்பதற்காகவே ஏற்றுகிறார்கள்.

கூர்மையூட்டுவதிலும் இதே எதிர்நிலை. கொக்கின் உடலில் டெக்ஸ்சரை ஏற்றினால் தூவி முள்ளாகிவிடும். நீர்க்காகத்தின் உடலில் ஏற்றினால் இறகோடு இரைச்சலும் கூர்மையாகிவிடும். ஆகவே இரண்டிலும் மாஸ்க் போட்டு, கண்ணுக்கும் அலகுக்கும் கழுத்தின் விளிம்புக்கும் மட்டும் கூர்மை கொடுப்பது நல்லது. கொக்கின் வெளிர்மஞ்சள் கண் தானே எழுந்து நிற்கும். சின்ன நீர்க்காகத்தின் இருண்ட கண் கரிய முகத்துக்குள் மறைந்துபோகும். அதில் ஒரு பொட்டு ஒளி விழுந்த சட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும், எடிட்டிங்கில் அந்தப் பொட்டை வரைந்து வைக்கக் கூடாது. எடுக்கும்போதே ஆட்டோஃபோகஸும் இப்படித்தான்: வெந்த வெண்மையிலும் மூழ்கிய கருமையிலும் அதற்குப் பற்றிக்கொள்ள விளிம்பு கிடைப்பதில்லை. கழுத்தையோ தலையையோ குறிவைத்தால் இரண்டிலும் பிடிக்கும்.

நான் மிகவும் விரும்புவது, இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று செய்யும் உதவி. ஒரே ஒளியில் அடுத்தடுத்து எடுத்த படங்கள் என்றால், எரியாத கொக்கின் மார்பில் வைட் பேலன்ஸ் கருவியை வைத்து நிறத்தைச் சரிசெய்து, அதே அமைப்பை நீர்க்காகத்தின் படத்துக்கும் கொடுக்கலாம். கறுப்பில் தானாகத் தெரியாத உண்மை நிறத்தை வெள்ளை காட்டிக்கொடுக்கிறது. விடியலின் பொன்நிறம் வேண்டுமென்றால் பாதியளவு திருத்தினால் போதும். பதிலுக்கு, கொக்கின் படம் வெளிறித் தெரிந்தால், நீர்க்காகத்தின் படத்தில் கருமை எங்கே நிற்கிறது என்று பார்த்து அந்த இடத்துக்குக் கொக்கின் நிழலை இறக்கலாம். இரண்டும் ஒரே மரத்தில் அமர்ந்திருக்கும் படத்தில் இது இன்னும் எளிது. வெயிலில் வெள்ளை இறகுக்கும் கறுப்பு இறகுக்கும் நடுவே ஏறத்தாழ நான்கைந்து ஸ்டாப் இடைவெளிதான். இன்றைய கேமராக்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் அதைவிடப் பல மடங்கு தாங்கும். கொக்குக்கு எக்ஸ்போஷர் வை, நீர்க்காகத்தை எடிட்டிங்கில் ஏற்று: ஒரே சட்டத்தில் இரண்டும் பிழைக்கும்.

உறவு இறகோடு நின்றுவிடவில்லை. பழைய வகைப்பாட்டில் நீர்க்காகம் கூழைக்கடாவின் வரிசையில் இருந்தது. கொக்கு நாரையின் வரிசையில் இருந்தது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு கொக்கு கூழைக்கடாவின் வரிசைக்குள் வந்தது, நீர்க்காகம் அதிலிருந்து வெளியேறித் தனி வரிசைக்குப் போனது. மனிதனும் இரண்டையும் விட்டுவைக்கவில்லை. கொக்கின் தூவிக்காக ஐரோப்பியத் தொப்பி வணிகம் அதை வேட்டையாடியது. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதிக்கு 1902இல் தடை வந்தது. நீர்க்காகத்தின் தொண்டையில் கயிறு கட்டி மீன்பிடிக்கப் பழக்கினார்கள். ஜப்பானின் நகாரா ஆற்றில் அது இன்றும் நடக்கிறது.

கூடு கட்டும் காலத்தில் இரண்டும் ஒரே மரத்துக்கு வந்துவிடுகின்றன. வேடந்தாங்கலில் எல்லோரும் காணும் காட்சி அது. அங்கேயானாலும் நம் ஊர் ஏரி மரங்களிலானாலும் கூட்டுக்கு அருகே போய் எடுக்கும் படத்தை நான் படமாகவே மதிப்பதில்லை. பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கும். 300 மில்லிமீட்டர் லென்ஸுக்கு எட்டாததை எட்டாததாகவே விட்டு, சுற்றியுள்ள ஏரியையும் சேர்த்து எடுத்தால் போதும்.

புதியவர் எதில் தொடங்க வேண்டும் என்று கேட்டால் என் தீர்ப்பு இது. எடுப்பதைக் கொக்கிடம் பழகுங்கள். அங்கே செய்த பிழையைப் பிறகு திருத்த முடியாது என்பதால் ஷட்டரை அழுத்தும் முன்பே ஒளியைப் பார்க்கும் பழக்கம் வரும். எடிட்டிங்கை நீர்க்காகத்திடம் பழகுங்கள். அங்கே திருத்த இடம் இருக்கிறது என்பதால் எவ்வளவு திருத்துவது, எங்கே நிறுத்துவது என்ற அளவு பிடிபடும். வரும் பருவத்தில் வீராணத்தின் கிழக்குக் கரைக்கு விடியலில் போங்கள். மேனுவல் முறையில் ஒரே அமைப்பை வைத்து இரண்டையும் எடுங்கள். ரா கோப்புகளை அழிக்காமல் வையுங்கள். ஓராண்டு கழித்து அதே கோப்புகளைத் திறந்து மீண்டும் எடிட் செய்து பாருங்கள்.